377ஏ போன பிறகும்: பால்புதுமைத் தமிழரும் கைத்தொலைபேசிப் பாதுகாப்பும்

(ஈசூனில் நடந்த சிறுபான்மை உரிமைக் கலந்துரையாடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கேள்வி பதில் பகுதி இதில் சேர்க்கப்படவில்லை.)



சிறுபான்மையினர் உரிமை குறித்துப் பேசும் கூட்டத்தில் கைத்தொலைபேசியைப் பற்றியும், அதுவும் தன்பாலீர்ப்பு கொண்டவர்களின் கைத்தொலைபேசியைப் பற்றியும் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வீட்டு வாடகை, வேலைவாய்ப்பு, பள்ளியில் தமிழ் என்று நாம் பேச வேண்டியவை ஏராளம். ஆனால், தமிழராக இருப்பதும் பால்புதுமையினராக இருப்பதும் ஒருவரிடத்தில் சேரும்போது ஏற்படும் ஆபத்து தனி வகையானது. அது ஏன் என்பதை இந்த உரையின் நடுவில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அதுவரை கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

முதலில் சொற்கள். ஆணை நேசிக்கும் ஆண், பெண்ணை நேசிக்கும் பெண், இருபாலரையும் நேசிப்பவர், திருநங்கை, திருநம்பி ஆகிய எல்லோரையும் சேர்த்துப் 'பால்புதுமையினர்' என்று இப்போது தமிழில் எழுதுகிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். நம் வீடுகளில் இவர்களைக் குறிக்க வழங்கும் வேறு சொற்கள் உங்களுக்குத் தெரியும். அவற்றை இந்த மேடையில் நான் சொல்லப் போவதில்லை.

சட்டம் வந்ததும் போனதும்

இந்தச் சட்டம் நம் முன்னோர் எழுதியதல்ல. 1871இல் நீரிணைக் குடியேற்றப் பகுதிகளுக்காக வெள்ளைக்காரர் கொண்டுவந்த தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவு இருந்தது. அது இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. 1938இல் ஆண்களுக்கு இடையிலான உறவை மட்டும் குறிவைத்து 377ஏ சேர்க்கப்பட்டது. 2007இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தியபோது பழைய 377 நீக்கப்பட்டது, 377ஏ தங்கிவிட்டது.

அந்தச் சட்டம் புத்தகத்தில் மட்டும் இருந்தது, யாரையும் தொந்தரவு செய்யவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. 1993இல் தஞ்சோங் ரூ பகுதியில் காவல் அதிகாரிகள் மாறுவேடத்தில் சென்று 12 ஆண்களைக் கைது செய்தார்கள். அவர்கள்மீது வந்தது மானபங்கக் குற்றச்சாட்டு. சிறைத் தண்டனையும் பிரம்படியும் கிடைத்தன. பெயர்களும் படங்களும் செய்தித்தாளில் வந்தன. சிறையும் பிரம்படியும் ஒரு காலத்தில் முடிந்துவிடும். செய்தித்தாளில் வந்த படம் எத்தனை ஆண்டுகள் ஒரு குடும்பத்தைத் துரத்தும் என்று எண்ணிப் பாருங்கள். அப்போது இணையமே பரவலாக இல்லை.

2010இல் வழக்கறிஞர் எம். ரவி 377ஏ அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று வழக்குத் தொடுத்தார். அது ஒரு தமிழர் கையில் தொடங்கிய வழக்கு என்பதை நம் சமூகம் பெரிதாகப் பேசியதில்லை. அதன் பின்னர்ப் பல வழக்குகள் வந்தன. 2022 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செயல்படுத்த முடியாது என்று சொன்னது. 2022 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றம் அதை நீக்கியது. 2023 ஜனவரி 3 அன்று நீக்கம் நடப்புக்கு வந்தது. அந்த மசோதாவை நாடாளுமன்றத்தில் எடுத்துச் சென்றவர் அமைச்சர் கா. சண்முகம். நாம் கூடியிருக்கும் இந்த ஈசூன் அடங்கிய நீ சூன் குழுத்தொகுதியின் உறுப்பினர் அவர்.

ஆகவே சிங்கப்பூரில் இன்று வயது வந்த இரண்டு ஆண்கள் தம் விருப்பத்தின் பேரில் சேர்ந்திருப்பது குற்றமல்ல. இதைத் திரும்பவும் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்களை மிரட்டுகிறவர்கள் இன்றைக்கும் "போலீசில் சொல்லி உள்ளே தள்ளிவிடுவேன்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அது வெறும் மிரட்டல்.

ஆனால் சட்டம் போனதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அதே நாளில் அரசமைப்புச் சட்டத்தில் 156ஆம் பிரிவைச் சேர்த்து, திருமணத்துக்கான வரையறையை நாடாளுமன்றமே முடிவு செய்யும் என்று ஆக்கினார்கள். 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டத்தின் பட்டியலில் இனம் இருக்கிறது, மதம் இருக்கிறது, மொழித்திறன் இருக்கிறது, வயது, பால், மணநிலை எல்லாம் இருக்கின்றன. பாலீர்ப்பும் பாலின அடையாளமும் அதில் இல்லை. தமிழர் என்பதற்காக ஒருவருக்கு வேலை மறுத்தால், அந்தச் சட்டம் நடப்பில் இருக்கும்போது அதைக் காட்டிப் பேசலாம். அதே தமிழர் இன்னோர் ஆணுடன் வாழ்கிறார் என்பதற்காக மறுத்தால் அந்தச் சட்டத்தில் காட்டுவதற்கு ஒரு வரிகூட இல்லை. எனவே, யாருக்குச் சொல்வது, எப்போது சொல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்த மனிதரிடமே இருக்க வேண்டும். பாதுகாப்பு என்று நான் சொல்வதன் பொருள் இதுதான். ஒளிந்து வாழச் சொல்லவில்லை.

கடற்பாலத்துக்கு அப்பால்

நம்மவர்களின் வாழ்க்கை ஒரு நாட்டோடு நிற்பதில்லை. ஈசூனிலிருந்து உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி பக்கம்தான். ஜோகூர் பாருவிலிருந்து தினமும் வேலைக்கு வந்து திரும்பும் மலேசியத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அங்கே அதே வெள்ளைக்காரர் விட்டுப்போன பிரிவுகள் 377ஏ, 377பி என்ற பெயரில் இன்னும் இருக்கின்றன. 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்க அவற்றில் இடமுண்டு. முஸ்லிம்களுக்கு அதற்கு மேல் மாநில ஷரியா சட்டங்களும் உண்டு. 2023இல் வானவில் நிறம் போட்ட ஸ்வாட்ச் கைக்கடிகாரங்களைப் பறிமுதல் செய்து, அதே ஆண்டு ஆகஸ்ட்டில் முறைப்படி தடையும் செய்தார்கள். அணிந்தாலே மூன்றாண்டு வரை சிறை என்று அறிவித்தார்கள். ஒரு கடிகாரத்துக்கு இந்தப் பாடு என்றால், கைத்தொலைபேசிக்குள் இருப்பதைப் பற்றி நாம் யோசிக்க வேண்டாமா?

இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 365, 365ஏ பிரிவுகள் நீங்கவில்லை. 1995இல் திருத்தியபோது பெண்களையும் சேர்த்து விரிவுபடுத்தினார்கள். 2023 மே மாதத்தில் அவற்றை மாற்றும் தனிநபர் மசோதா அரசமைப்புக்கு முரணானதல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த மசோதா சட்டமாகவில்லை.

இந்தியாவில் 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் கதவைத் திறந்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் மூடியது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே உச்ச நீதிமன்றம் திரும்பத் திறந்தது. தமிழ்நாட்டில் 2021இல், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் கேட்ட இரு பெண்களின் வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் காவல்துறைக்கும் அரசுக்கும் தெளிவான கட்டளைகளை இட்டார். அந்த வழக்கு எப்படித் தொடங்கியது? பெற்றோர் "பெண்ணைக் காணவில்லை" என்று புகார் கொடுத்தார்கள். காவல்துறை தேடிப் போனது. சட்டம் போன பின்பும் குடும்பம் காவல்துறையைக் கருவியாகப் பயன்படுத்த முடியும் என்பதற்கு இது சாட்சி.

ஒரே கைத்தொலைபேசி இந்த நாடுகளுக்கெல்லாம் நம்மோடு பயணம் செய்கிறது. அதற்குள் இருப்பது மாறுவதில்லை. அதைப் படிக்கும் சட்டம் மாறிவிடுகிறது.

சேர்த்து வைத்த தகவல் எங்கே போகும்?

2019 ஜனவரி 28 அன்று சுகாதார அமைச்சு ஒரு செய்தியை வெளியிட்டது. எச்ஐவி கிருமி கண்டவர்கள் 14,200 பேரின் பெயர், அடையாள எண், தொலைபேசி எண், முகவரி, பரிசோதனை முடிவு எல்லாம் இணையத்தில் கசிந்துவிட்டன. அவர்களில் 5,400 பேர் சிங்கப்பூரர். 8,800 பேர் வெளிநாட்டினர். அவர்களோடு தொடர்பில் இருந்ததாகப் பதிவான 2,400 பேரின் விவரமும் அதில் இருந்தது. அந்தப் பதிவேட்டைப் பார்க்க அதிகாரம் பெற்றிருந்த ஒரு மருத்துவர் வழியாகத் தகவல் வெளியே போயிருந்தது என்று அமைச்சு சொன்னது.

எச்ஐவி பால்புதுமையினருக்கு மட்டும் வரும் நோயல்ல. ஆயினும் அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் அக்கம்பக்கம் என்ன பேசும் என்பது நமக்குத் தெரியும். அந்த 14,200 பேரும் எந்தத் தவறும் செய்யவில்லை. மருத்துவமனைக்குப் போனார்கள், உண்மையைச் சொன்னார்கள். கெட்டிக்கார வெளிநாட்டுக் கணினித் திருடன் பூட்டை உடைத்து எடுத்ததல்ல அது. பார்ப்பதற்கு உரிமையுள்ள ஒருவர் வழியாகப் போனது.

இன்னொன்று. கொவிட் காலத்தில் டிரேஸ்டுகெதர் தகவல் தொற்றைத் தேட மட்டுமே பயன்படும் என்று சொல்லித்தான் நம்மிடம் கொடுத்தார்கள். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்கும் காவல்துறை அதைக் கேட்டுப் பெறலாம் என்று நாடாளுமன்றத்தில் தெரிவித்தார்கள். எதிர்ப்பு எழுந்தது. அடுத்த மாதமே ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் போட்டுச் சுருக்கினார்கள். அரசாங்கத்தைக் குறை சொல்வதற்காக இதை நான் சொல்லவில்லை. ஒரு காரணத்துக்காகச் சேர்த்த தகவலுக்கு இன்னொரு காரணம் தானாகவே வந்து சேரும் என்பதைக் காட்டத்தான் சொல்கிறேன்.

நிறுவனங்கள் இதைவிட மோசம். ஆண்கள் பயன்படுத்தும் கிரைண்டர் என்ற செயலி, பயனர்களின் எச்ஐவி நிலையை வேறு இரண்டு நிறுவனங்களோடு பகிர்ந்தது 2018இல் வெளியானது. அனுமதியின்றி விளம்பர நிறுவனங்களுக்குத் தகவல் கொடுத்ததற்காக 2021இல் நார்வே அரசு அதற்கு 65 மில்லியன் குரோனர் அபராதம் விதித்தது. அதே 2021இல் அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரின் நடமாட்டத்தை, சந்தையில் விற்கப்படும் செயலித் தகவலைக் கொண்டே ஓர் ஊடகம் கண்டுபிடித்து எழுதியது. அவர் பதவி விலகினார். அந்தத் தகவலில் பெயர் இல்லை. கைத்தொலைபேசி இரவில் எங்கே தூங்குகிறது, பகலில் எங்கே வேலை செய்கிறது என்பது இருந்தது. அதுவே போதுமாக இருந்தது.

தமிழருக்கு ஏன் ஆபத்து கூடுதல்?

இப்போது கணக்குக்கு வருகிறேன். பேர் போடாமல், முகம் போடாமல் ஒரு செயலியில் சேர்ந்தால் யாருக்கும் தெரியாது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரும்பான்மையினருக்கு அது ஓரளவு உண்மை. "சீனர், 28 வயது, ஈசூன்" என்று போட்டால் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். "தமிழர், 28 வயது, ஈசூன்" என்று போட்டால்?

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு வசிப்போரில் இந்தியர் 9 விழுக்காடு. தமிழர் அதில் ஏறத்தாழ பாதி. மேலும், 1989 முதல் வீவக வீடுகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. இந்தியரும் இதர இனத்தவரும் ஒரு புளோக்கில் 15 விழுக்காட்டுக்கு மேல், ஓர் அக்கம்பக்கத்தில் 12 விழுக்காட்டுக்கு மேல் வீடு வாங்க முடியாது. 100 வீடுகள் உள்ள புளோக்கில் நம்மவர் வீடு அதிகம் போனால் பதினைந்து. அவற்றில் 28 வயதில் திருமணமாகாத ஆண் பிள்ளை எத்தனை பேர்? ஒருவர் அல்லது இருவர். அந்தச் சுயவிவரத்தில் "பங்குனி உத்திரத்தில் காவடி எடுப்பேன்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், ஈசூன் தொழிற்பேட்டை பாலசுப்பிரமணியர் கோயிலுக்குத் தவறாமல் வரும் எந்த அத்தைக்கும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். சிறுபான்மையாக இருப்பதால் கூட்டத்தில் மறையும் வசதி நமக்கு இல்லை. பெரும்பான்மையினர் எழுதிய பாதுகாப்புக் குறிப்புகளில் இந்த விஷயம் இருக்காது. அதனால்தான் நாமே பேச வேண்டியிருக்கிறது.

தூரம் காட்டும் வசதி இதை இன்னும் மோசமாக்குகிறது. அருகில் இருப்பவர் 800 மீட்டர், 1.2 கிலோமீட்டர் என்று செயலி காட்டும். ஒரு தாளில் ஈசூன் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நார்த்பாயிண்ட்டிலிருந்து அந்த ஆள் எவ்வளவு தூரம் என்று பார்த்து ஒரு வட்டம் போடுங்கள். கூ டெக் புவாட் மருத்துவமனையிலிருந்து பார்த்து இன்னொரு வட்டம், ஈசூன் அணைக்கட்டிலிருந்து பார்த்து மூன்றாவது வட்டம். மூன்றும் வெட்டும் இடம் அவர் வீடு. இதற்கு நடந்துபோகக்கூட வேண்டாம். இருப்பிடத்தைப் பொய்யாகக் காட்டும் வசதியை வைத்து வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம். 2014இல் இந்தக் குறை பரவலாகத் தெரிந்த பிறகு எகிப்து உள்ளிட்ட சில நாடுகளில் கிரைண்டர் தூரம் காட்டுவதை நிறுத்தியது. தூரத்தை மறைத்தாலும், யார் முன்னே யார் பின்னே என்ற வரிசையை வைத்தே இடத்தைப் பிடிக்க முடியும் என்று 2016இல் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனவே தூரத்தை மறையுங்கள். அதோடு, அந்தச் செயலியை வீட்டில் திறப்பதையும் குறையுங்கள்.

செய்ய வேண்டியவை

ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பலரும் அரசாங்கம், ஹேக்கர் என்பார்கள். நம்மவருக்கு வரிசை வேறு. முதலில் வீடு, அடுத்து அறிமுகமில்லாத மிரட்டல்காரர், அதற்குப் பிறகுதான் மற்றவை. அதே வரிசையில் சொல்கிறேன்.

வீடு. அண்ணன், தங்கை, அறைத்தோழர் யாராவது உங்கள் கைத்தொலைபேசியை ஒரு நிமிடம் வாங்கினால், வாட்ஸ்அப்பைத் தம் கணினியோடு இணைத்துவிட முடியும். அதன் பிறகு வரும் செய்திகள் எல்லாம் அங்கேயும் போகும். அமைப்புகளில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைத் திறந்து, தெரியாதது எதுவும் இருந்தால் உடனே வெளியேற்றுங்கள். மாதம் ஒரு முறை பாருங்கள். பூட்டுத் திரையில் செய்தியின் வாசகம் தெரியாதபடி செய்யுங்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த எண்ணை மறைச்சொல்லாக வைக்காதீர்கள். பிறந்த நாள் கூடாது. விரல் ரேகை வசதிதான், ஆனால் தூங்குகிறவரின் விரலை எடுத்து வைக்க முடியும். வீட்டில் அச்சம் இருந்தால் எண் பூட்டே நல்லது.

படங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்று பாருங்கள். குடும்பம் முழுக்க ஒரே கூகல் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ வைத்திருந்தால், நீங்கள் எடுத்த படம் வரவேற்பறைத் தொலைக்காட்சியில் தானாக ஓடும். பொதுக் கணினியில் நீங்கள் தேடிய சொல், அம்மா சமையல் குறிப்பு தேடும்போது முன்னால் வந்து நிற்கும். உங்களுக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உரையாடல். வாட்ஸ்அப் 2016 முதல் இரு முனைகளுக்கு இடையே மறையாக்கம் செய்கிறது. அதாவது நடுவில் இருப்பவர் படிக்க முடியாது. ஆனால் அதன் சேமிப்பு நகல் அப்படிப் பூட்டப்பட்டு இருப்பதில்லை, நீங்களாகவே அமைப்புகளுக்குப் போய் அந்தப் பூட்டைப் போட வேண்டும். டெலிகிராம் பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். அதில் 'ரகசிய உரையாடல்' என்று தனியாகத் திறந்தால்தான் முழு மறையாக்கம். குழு உரையாடலில் அது கிடையவே கிடையாது. சிக்னல் செயலியில் 2024 முதல் தொலைபேசி எண்ணைக் காட்டாமலே பேசலாம். எந்தப் பூட்டும், எதிர்முனையில் இருப்பவர் திரையைப் படம் எடுப்பதைத் தடுக்காது. ஆகவே முகமும் உடலும் ஒரே படத்தில் வேண்டாம். ஃபேஸ்புக்கில் போட்ட படத்தையே செயலியிலும் போட வேண்டாம். படத்தைக் கொடுத்துத் தேடினால் பெயர் வந்துவிடும். படத்தின் பின்னால் புளோக் எண், பள்ளிச் சீருடை, நிறுவன அட்டை, வீட்டுச் சாமி படம் தெரிகிறதா என்று பாருங்கள்.

மிரட்டல். இதைக் கவனமாகக் கேளுங்கள். ஒருவர் நட்பாகப் பேசிப் படம் வாங்குவார். அடுத்த நாள் உங்கள் அம்மா, மாமா, முதலாளி பெயர்ப் பட்டியலை அனுப்பி, "இத்தனை வெள்ளி போடு" என்பார். போடாதீர்கள். ஒரு முறை போட்டவரிடம் மறுபடியும் கேட்பார்கள். அவரிடம் பணம் வரும் என்று தெரிந்துவிட்டது அல்லவா? பதற்றத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். கணக்குப் பெயர், எண், மிரட்டிய வாசகம், பணம் கேட்ட விவரம் எல்லாவற்றையும் திரைப்படமாக எடுத்து வையுங்கள். அதன் பிறகு தடை செய்யுங்கள். உங்கள் ஃபேஸ்புக் நண்பர் பட்டியலை மறையுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

சட்டம் இதில் உங்கள் பக்கம் இருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள தண்டனைச் சட்டத்தின் 377பிஇ பிரிவின்படி, ஒருவருடைய அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமின்றிப் பரப்புவது மட்டுமல்ல, பரப்புவேன் என்று மிரட்டுவதும் குற்றம். ஐந்தாண்டு வரை சிறை. பணம் கேட்டால் அது தனியாகப் பணம் பறிப்புக் குற்றம். துன்புறுத்தும் நோக்கத்தில் ஒருவரின் அடையாள விவரங்களை வெளியிடுவதும் அதே நாள் முதல் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் வருகிறது. முன்பு காவல் நிலையத்துக்குப் போனால் நாமே மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இருந்தது. இப்போது பெரியவர்கள் இருவரின் சம்மத உறவு குற்றமல்ல. 377 என்று தொடங்கும் எண் ஒன்று நம்மைத் துரத்தியது. அதே வரிசையில் இன்னோர் எண் இன்று மிரட்டுகிறவரைத் துரத்துகிறது. இதை உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

எல்லை தாண்டும்போது. ஜோகூருக்கோ கொழும்புக்கோ போகும் முன்பு அந்தச் செயலிகளை அகற்றிவிடுங்கள். திரும்பி வந்து ஏற்றிக்கொள்ளலாம். உரையாடல்களையும் படங்களையும் வீட்டிலுள்ள வேறோர் இடத்துக்கு மாற்றிவிட்டு, கைத்தொலைபேசியை வெறுமையாக எடுத்துச் செல்லுங்கள். சோதனைச்சாவடிக்கு முன் அதை அணைத்து வையுங்கள். அங்கே போய்ச் செயலியைத் திறந்தால், அங்குள்ளவர்களுக்கு நீங்கள் தெரிவீர்கள் என்பதை மறக்க வேண்டாம். மலேசியாவில் குடியிருந்து இங்கு வேலை செய்பவர்கள் இரண்டு கைத்தொலைபேசி வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது.

ஊழியர் விடுதிகளில் இருப்போர்

நம் நாட்டில் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தம்பிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடுகிறவர்களில் இவர்களும் இருக்கிறார்கள். ஒரே அறையில் பலர், அடுக்குக் கட்டில், மேலே மாட்டிய கைத்தொலைபேசி. தனிமை என்பதே கிடையாது. முதலாளி வேலை அனுமதியை ரத்து செய்தால் ஊருக்குப் போக வேண்டியதுதான். வேலை அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்ஐவி சோதனையும் உண்டு. இங்கு வர ஊரில் வாங்கிய கடன் தலைக்கு மேல் நிற்கிறது. இவர்களை மிரட்டுவது எளிது என்று மிரட்டுகிறவருக்கும் தெரியும்.

சட்டப்படி 377பிஇ இவர்களுக்கும் பொருந்தும். ஆனால் புகார் கொடுத்தால் வேலை பாதிக்காது என்று நான் உறுதி சொல்ல முடியாது. சொன்னால் அது ஏமாற்று. அதனால் தனியாகப் போகாதீர்கள் என்கிறேன். வெளிநாட்டு ஊழியர்களுக்காக இயங்கும் டிடபிள்யூசி2, ஹோம் ஆகிய அமைப்புகள் இருக்கின்றன. பால்புதுமையினருக்கு ஆலோசனை தரும் ஊகாசாகா இருக்கிறது. பெயர் சொல்லாமல் எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ள ஆக்ஷன் ஃபார் எய்ட்ஸ் அமைப்பு வழி செய்கிறது. முதலில் அங்கே பேசிவிட்டு, துணையோடு அடுத்த அடி வையுங்கள். நிறுவனம் கொடுத்த கைத்தொலைபேசியிலும் சிம்மிலும் சொந்த விஷயம் எதுவும் வேண்டாம்.

ஒருவர் கைத்தொலைபேசி எல்லோருடையது

2006 ஜனவரியில் இந்தியாவின் லக்னோவில் நான்கு பேரைக் கைது செய்தார்கள். பூங்காவில் பிடித்தோம் என்றது காவல்துறை. உண்மை அறியச் சென்ற உரிமைக் குழுவினர் வேறு விதமாகச் சொன்னார்கள். காவலர்கள் இணையத்தில் வேறு ஆளாக நடித்து ஒருவரை வரவழைத்திருக்கிறார்கள். அவரைப் பிடித்து, அவர் கைத்தொலைபேசியிலிருந்தே மற்றவர்களைக் கூப்பிட வைத்திருக்கிறார்கள். 2023இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு எகிப்து, ஈராக், ஜோர்தான், லெபனான், துனீசியா ஆகிய ஐந்து நாடுகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையிலும் இதே முறைதான்: பொய்க் கணக்கு, கைது, கைத்தொலைபேசியைப் பறித்து அதில் இருக்கும் படங்களையே சாட்சியாக வைப்பது.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. நான் எவ்வளவு கவனமாக இருந்தாலும், என் நண்பரின் கைத்தொலைபேசியில் என் முழுப்பெயரும் படமும் இருந்தால் நான் அங்கே மாட்டுவேன். ஆகவே நண்பர்கள் சேர்ந்து பேசி முடிவெடுங்கள். பழைய செய்திகள் தானாக அழியும்படி வையுங்கள். தொடர்புப் பட்டியலில் முழுப்பெயர் வேண்டாம். குழுவில் புதியவரைச் சேர்க்கும் முன் எல்லோரையும் கேளுங்கள். ஒருவர் பிரச்சினையில் சிக்கினால் மற்றவர்களுக்கு உடனே தெரிவிக்க ஒரு வழி வையுங்கள்.

பெற்றோருக்கும் மற்றவர்களுக்கும்

கடைசியாக, இந்த அறையில் இருக்கும் பெரும்பாலோருக்கு. நீங்கள் பால்புதுமையினர் அல்லர். உங்களுக்கு இதில் என்ன வேலை? நிறைய இருக்கிறது.

ஒரு பிள்ளையின் படமோ திரைப்பிடிப்போ உங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும். "இது இன்னார் மகன்தானே?" என்று கீழே ஒரு வரி இருக்கும். நான் பேசிய சட்டங்களும் செயலிகளும் செய்யும் கேட்டை விட அந்த ஒரு வரி செய்யும் கேடு பெரிது. அதை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். அழியுங்கள். குழுவில் "இதை நீக்குங்கள்" என்று எழுதுங்கள். அந்தக் குழுவில் பெரியவர் ஒருவர் அப்படி எழுதினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அந்தப் பிள்ளையும் எங்கோ இருந்து அதைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

பிள்ளையின் கைத்தொலைபேசியை வாங்கிச் சோதிக்கும் பெற்றோரே, அதில் நீங்கள் தேடுவது கிடைத்தால் பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் யோசியுங்கள். வீட்டை விட்டு விரட்டினால், அந்தப் பிள்ளை போய்ச் சேரும் இடம் நான் இவ்வளவு நேரம் சொன்ன மிரட்டல்காரர்களின் கை. வீட்டில் சொல்ல முடிந்த பிள்ளையை யாராலும் மிரட்ட முடியாது. "உங்கள் வீட்டில் சொல்லிவிடுவேன்" என்பதற்கு, "அவர்களுக்குத் தெரியும்" என்று பதில் சொல்ல முடிந்தால் மிரட்டல் அதோடு முடிந்தது. இவ்வளவு பூட்டுகளைப் பற்றிப் பேசினேன். அந்தப் பதிலுக்கு நிகரான பூட்டு எதுவும் எந்தக் கைத்தொலைபேசியிலும் இல்லை.

நம்மைப் பார்த்து, நிறத்தையும் பெயரையும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று இந்த இயக்கம் வெளியே போய்க் கேட்கிறது. வாடகைக்கு வீடு தேடும்போது "இந்தியர் வேண்டாம்" என்ற வரியைப் படித்துக் கொதித்தவர்கள் நாம். அதே கேள்வியை நமக்குள் இருக்கும் சிறுபான்மை நம்மிடம் கேட்கும்போது வேறு பதில் சொல்ல நமக்கு நியாயம் இல்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைத் திறந்து பாருங்கள். உங்கள் உறவினர் குழுவில் யாரையாவது கேலி செய்து வந்த படம் இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். கேள்விகள் இருந்தால் இங்கேயே கேட்கலாம். எல்லோர் முன்னும் கேட்க முடியாதவர்கள் தாளில் எழுதிப் பெயர் போடாமல் கொடுக்கலாம்.